முதல் சிற்றலை ரேடியோ: வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள்

சிற்றலை ரேடியோ ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் இந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். சேத்துப்பட்டு போன்ற சின்ன ஊரிலேயே வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். பிள்ளைகள் வெளியூரில், கையில் நேரம், பழைய ஞாபகம். சில சமயம் அபூர்வமாக ஒரு கல்லூரிப் பையனும் கேட்பான்.

கேட்பவர்கள் எல்லோரும் எதிர்பார்ப்பது ஒரு கம்பெனிப் பெயரையும் மாடல் எண்ணையும்தான். நான் அதைக் கடைசியில்தான் சொல்வேன். அதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பேன். எதைக் கேட்கப் போகிறீர்கள்? எங்கே வைத்துக் கேட்கப் போகிறீர்கள்? யார் கை அதை இயக்கப் போகிறது? முதல் இரண்டுக்கும் பலர் யோசித்துப் பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். என் அனுபவத்தில், வாங்கிய ரேடியோ தினமும் பாடுமா, பரணில் ஏறுமா என்பதை முடிவு செய்வது அந்த மூன்றாவதுதான்.

முதல் கேள்விக்கு வருவோம். எதைக் கேட்கப் போகிறீர்கள்?

நம் தலைமுறைக்குச் சிற்றலை என்றால் முதலில் இலங்கைதான். இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக இலங்கையில் நிறுவப்பட்ட சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்ததும் ரேடியோ சிலோனின் கைக்கு வந்தது. அதே சமயம் இங்கே 1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதற்குக் கடிவாளம் போட்டார். பாட்டுக்கு ஏங்கிய ஜனங்கள் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். 1957-இல் விவித பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களின் பெயர் சினிமா நடிகர்களின் பெயர் போல நம் வீடுகளில் புழங்கியது.

அடுத்தது லண்டன். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941-இல் தொடங்கியது. அதற்குத் ‘தமிழோசை’ என்று பெயர் வைத்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுடப்பட்ட நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆகாசவாணி மரணச் செய்தியை மாலையில்தான் அறிவித்தது. பி.பி.சி. பகலிலேயே சொல்லிவிட்டது. மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே டிரான்சிஸ்டரில் பி.பி.சி.யைக் கேட்டதாகச் சொல்வார்கள். அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கும் அன்று அதுதான் வழி. இவை போக, மாஸ்கோ, மணிலாவின் வேரித்தாஸ், வத்திக்கான், 1963-இல் தமிழில் தொடங்கிய சீன வானொலி என்று நாலா பக்கத்திலிருந்தும் தமிழ் வந்துகொண்டிருந்தது. சீனர்களே தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு, எழுத்துப் பிசகாமல் செய்தி வாசிப்பார்கள். அவர்களுக்கு இங்கே ஊர் ஊராக நேயர் மன்றங்கள் இருந்தன.

இத்தனைக்கும் அன்று ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் வருஷத்துக்கு 15 ரூபாய் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். 1980-களில்தான் அது ஒழிந்தது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு இன்று ஒருவர் ரேடியோ வாங்கினால் முதல் நாளே முகம் வாடிவிடும். கனடா 2012-இல் சிற்றலையை நிறுத்தியது. ஆஸ்திரேலியா 2017 ஜனவரி 31-உடன் நிறுத்தியது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று தமிழோசை தன் கடைசி வானொலி நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. 76 வருஷக் குரல் அது. வேரித்தாஸ் 2018-இல் சிற்றலையை விட்டது. ஆகவே, “எனக்குத் தமிழ் மட்டும்தான் வேண்டும்” என்று சொல்கிறவரிடம், “நல்ல மத்திய அலையும் பண்பலையும் எடுக்கிற சாதாரண ரேடியோ போதும், காசை வீணாக்காதீர்கள்” என்று சொல்லிவிடுவேன். சிற்றலையில் இப்போது மிச்சம் இருப்பது வேறு வகை. பி.பி.சி.யின் ஆங்கிலம், சீனாவின் பல மொழிகள், கொரியா, வியட்நாம், துருக்கி, ருமேனியா, நியூசிலாந்து, அரபு நாட்டுப் பாட்டுகள், இவற்றோடு அமெச்சூர் ஹாம்காரர்களின் பேச்சு. இவற்றில் ஆசை இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

என் ஆசை என்ன என்று கேட்டால், பிரெஞ்சு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான சேத்துப்பட்டுக்கு வந்து சேர்ந்தேன். லூர்து மாதா கோயிலுக்குத் திருவிழாவின்போது வரும் கூட்டத்தில் தேடினாலும் என்னோடு பிரெஞ்சு பேச ஆள் கிடைப்பது கஷ்டம். பள்ளியில் நாங்கள் ‘ஓந்த் கூர்த்’ என்று சொன்னதைத்தான் தமிழில் சிற்றலை என்கிறோம். ராடியோ பிரான்ஸ் இன்டர்நேஷனல், பிரான்சின் நடுவில் உள்ள இசூதன் என்ற ஊரிலிருந்து ஆப்பிரிக்காவை நோக்கிச் சிற்றலையில் ஒலிபரப்புகிறது. நமக்காக அனுப்புவது இல்லை. ஆனாலும் வயலுக்குப் பாய்ச்சிய தண்ணீர் வரப்பு தாண்டி வருவது போல இரவில் இங்கேயும் வந்து விழும். சில நாள் தெளிவாக, சில நாள் ஏறி இறங்கி. என் பிரெஞ்சு துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதை வாங்குகிறவர் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ரேடியோ கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். பண்பலை நேர்கோட்டில் போகும், ஐம்பது அறுபது மைலில் ஓய்ந்துவிடும். சிற்றலை மேலே போய், பூமிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். அந்த மண்டலத்தை உண்டாக்குவது சூரியன். பகலில் அதன் கீழ் அடுக்கு, குறைந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். இரவில் அந்த அடுக்கு கரைந்துபோகும். எனவே கணக்கு சுலபம்: பகலில் 10,000 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தேடுங்கள், இருட்டிய பிறகு அதற்குக் கீழேயும் தேடுங்கள். பெட்டியில் மீட்டர் என்று போட்டிருந்தால் 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் வருவதுதான் மீட்டர். 9.6 மெகாஹெர்ட்ஸ் என்றால் 31 மீட்டர். இரவுக்கு 49, 41, 31 மீட்டர். பகலுக்கு 19, 16 மீட்டர். 25 மீட்டர் இரண்டுக்கும் நடுவில், சாயங்கால நேரத்துக்கு நல்லது.

இரண்டாவது கேள்வி: எங்கே வைத்துக் கேட்கப் போகிறீர்கள்?

இன்றைய வீடு சிற்றலைக்கு எதிரி. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், கேபிள் டி.வி. பெட்டி எல்லாமே இரைச்சலை உமிழும். இருபதாயிரம் ரூபாய் ரேடியோவை இன்வெர்ட்டர் பக்கத்தில் வைத்தால் கொர்ரென்ற சத்தம்தான் கேட்கும். சாதாரண ரேடியோவை மொட்டை மாடிக்கு எடுத்துப் போனால் பாதி உலகம் கேட்கும். கரண்ட் போகிற நேரம் நமக்கு நல்ல நேரம். தெரு முழுவதும் இருண்டதும் ஒரு தடவை ரேடியோவைப் போட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ஆகவே முதல் ரேடியோ பேட்டரியில் ஓடுவதாக, கையில் தூக்கிப் போகிற அளவில் இருக்கட்டும். கரண்ட் அடாப்டரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். கூடவே ஏழெட்டு மீட்டர் சாதாரண ஒயர் வாங்கி, ஒரு முனையில் கிளிப் வைத்து ரேடியோவின் ஏரியல் கம்பியில் மாட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாகக் கொடிக்கயிற்றில் கட்டுங்கள். கரண்ட் ஒயர் பக்கம் போகக் கூடாது, இடி மழை என்றால் கழற்றிவிட வேண்டும். ஐம்பது ரூபாய்ச் செலவில் கிடைக்கிற இந்த லாபம் விலை உயர்ந்த மாடலில் கிடைக்காது.

பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ‘9 பேண்ட்’, ‘12 பேண்ட்’ என்று இருக்கும். ஒரே புடவையைப் பன்னிரண்டு மடிப்பு மடித்த மாதிரிதான் அது. பார்க்க வேண்டியது, சிற்றலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நடுவில் விட்டுப்போன இடம் இருக்கிறதா என்பதை. மலிவான முள் ரேடியோக்களில் ஒரே நிலையம் இரண்டு இடத்தில் கேட்கும். உண்மையான இடம் ஒன்று, சுமார் 900 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அதன் நிழல் ஒன்று. புதிதாகக் கேட்கிறவர் நிழலைக் குறித்து வைத்துக்கொண்டு குழம்புவார். இன்னொன்று, ஹாம்காரர்களின் பேச்சைக் கேட்க எஸ்.எஸ்.பி. என்ற வசதி வேண்டும். அது இல்லாத ரேடியோவில் அவர்கள் பேச்சு வாத்து கத்துகிற மாதிரி இருக்கும். அந்த ஆசை இல்லாதவருக்கு அது தேவையே இல்லை.

மூன்றாவது கேள்விக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவுக்கு மூன்றாவது தெருவில் ஒரு நெசவாளர் இருக்கிறார். என்னைவிட நாலு வயது பெரியவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ஆரணிப் பட்டு நெய்து நாற்பது வருஷத்துக்கு மேல் குழித்தறியில் உட்கார்ந்தவர். தறிக்குப் பக்கத்தில் ஆணியில் ரேடியோ தொங்கும். கால் மிதியை மிதிக்கும், கை நாடாவை எறியும், காது இலங்கையில் இருக்கும். கண் அழுத்த நோய் அவர் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வீட்டம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கம்பெனி வேலைக்குப் போகிறான், இரவுதான் வருவான்.

பார்வை போனதில் அவரை அதிகம் வருத்தியது இருட்டு இல்லை, நேரம். பகலில் தூங்கிவிடுவார், நடு இரவில் எழுந்து விடிந்துவிட்டது என்று குளிக்கப் போவார். மகன் செல்போன் வாங்கிக் கொடுத்தான். அது பேசும், நேரம் சொல்லும். ஆனால் வழவழவென்ற கண்ணாடியில் அவர் விரலுக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை. தொட்டால் எங்கேயோ போய்விடும், யாருக்கோ போன் போய்விடும். “அது என்னைத் தேட வைக்குது சார். நான் தேடி அது கிடைக்க மாட்டேங்குது” என்றார். பழையபடி ரேடியோவே போதும், நீங்களே பார்த்து ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டார்.

தமிழ் இப்போது சிற்றலையில் அதிகம் இல்லை, அண்ணா, என்று முதல் கேள்வியை எடுத்தேன். “எனக்குப் புரியணும்னு அவசியம் இல்ல சார். தூரத்துல இருந்து வருதுன்னு தெரிஞ்சா போதும்” என்றார். சிற்றலை ரேடியோ வாங்க இதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை.

இரண்டு ரேடியோக்களை ஒரு வாரத்துக்கு ஒன்றாக அவர் வீட்டில் வைத்தோம். ஒன்று முள் வைத்த டெக்சன் ஆர்-9012. சின்னது, இரண்டு பென்சில் செல்லில் ஓடும். இன்னொன்று என்னுடைய டெக்சன் பி.எல்.-660. திரையில் எண் வரும், டெலிபோன் மாதிரி எண் பொத்தான்கள் உண்டு, நான்கு பென்சில் செல். மகன், “அப்பாவுக்குத் திருகுதான் சார் சரி, பழகினது” என்றான். பார்வை இல்லாதவருக்கு எண் காட்டும் திரை எதற்கு என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்விதான்.

பெரியவர் எடுத்தது எண் பொத்தானை. காரணமும் அவரே சொன்னார். முள் ரேடியோவில் நிலையம் கிடைக்கும், ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. நேற்று கேட்டதை இன்று பிடிக்க முடியாது. பொத்தான் என்றால் எண் சொன்னால் கை போகும், எண்ணை மனசில் வைத்துக்கொள்ளலாம். ஜக்கார்டு அட்டையில் எத்தனையாவது ஓட்டை, எத்தனையாவது இழை என்று ஆயுசு முழுக்க எண்ணின ஆள் அவர். இழை அறுந்தால் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும். (ஜக்கார்டு என்பது லியோன் நகரத்து நெசவாளர் ஒருவரின் பெயர். பிரெஞ்சில் ழக்கார். அதை அவரிடம் சொன்னபோது, “அப்ப உங்க ஊர்க்காரர்தான் எங்களுக்குச் சோறு போட்டார்” என்று சிரித்தார்.)

5 என்ற பொத்தானின் மேல் எம்-சீல் ஒரு துளி வைத்தேன். அதைத் தொட்டால் மற்ற ஒன்பதும் எங்கே என்று விரல் கண்டுபிடித்துக்கொள்ளும். பி.பி.சி. வரும் எண்கள், பாட்டு வரும் இரண்டு அரபு நிலையங்கள், என்னுடைய பிரெஞ்சு எண் என்று ஏழெட்டைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டே நாளில் மனப்பாடம். பி.பி.சி.யில் மணிக்கு ஒரு தடவை ஆறு ‘பிப்’ வரும், கடைசி ஒன்று மட்டும் நீளம். லண்டன் கணக்கு உலக நேரத்தில் சொல்வார்கள், அதோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். அவர் அந்தப் பிப்பைப் பிடித்துக்கொண்டார். இப்போது நாலு மணிக்குக் காபி, ஒன்பது மணிக்குப் படுக்கை. நடு இரவுக் குளியல் நின்றுவிட்டது என்று மகன் சொன்னான். அந்த ரேடியோ அவர் வீட்டிலேயே இருக்கிறது. நான் வேறு வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் எண் பொத்தான் வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. கை நடுங்குகிறவருக்குச் சின்னப் பொத்தான் தொந்தரவு. பெரிய திருகுதான் நல்லது. காது மந்தமானவருக்கு ஸ்பீக்கர் பெரிதாக வேண்டும், கூடவே இயர்போன் துளை. திரையின் எழுத்து தெரியாதவருக்கு விளக்கெரியும் திரை. வாங்கும் முன் யாராவது வைத்திருந்தால் ஒரு வாரம் கடன் வாங்கி, பயன்படுத்தப் போகிறவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள்.

இனி மாடல். எஸ்.எஸ்.பி. வேண்டும், சட்டைப் பைக்குள் போக வேண்டும் என்றால் டெக்சன் பி.எல்.-330. பழைய நோக்கியா போனில் போட்ட பி.எல்.-5சி பேட்டரிதான் அதற்கும். எக்ஸ்.எச்.டேட்டா டி-808-உம் நன்றாக எடுக்கும், அதற்கு 18650 என்ற தடித்த பேட்டரி. சேத்துப்பட்டு, போளூர் மாதிரி ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது, பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்சில் செல்லில் ஓடுவதை எடுங்கள் என்றுதான். ரேடியோ உள்ளூர்க் கடையில் கிடைக்காது. ஆன்லைனில் தருவிக்கலாம், அல்லது சென்னை ரிச்சி தெருவில் விசாரிக்கலாம். பழைய பிலிப்ஸ், மர்பி கிடைத்தால் அழகுக்கு வாங்குங்கள், முதல் ரேடியோவாக வேண்டாம். ரிப்பேர் செய்ய ஆள் இல்லை.

வாங்கி வந்த அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்குங்கள். தேதி, நேரம், எண், என்ன மொழி, எவ்வளவு தெளிவு என்று ஐந்து பத்தி போடுங்கள். மொழி தெரியாவிட்டால் ‘பெண் குரல், வீணை மாதிரி வாத்தியம்’ என்று எழுதினால் போதும். நிலையத்தைக் கண்டுபிடித்ததும் கேட்ட விவரத்தை அவர்களுக்கு எழுதி அனுப்பினால், சில நிலையங்கள் இன்னும் படம் போட்ட ஒப்புகை அட்டை அனுப்புகின்றன. முப்பது வருஷம் அடுத்தவர் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு எழுதிக் கொடுத்தவனுக்கு, வெளிநாட்டிலிருந்து தன் பெயருக்கு ஒன்று தபாலில் வருவது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வாரம் ஒன்றுமே சரியாகக் கேட்காது. இரண்டாவது வாரத்தில் ராத்திரி எட்டு மணிக்கு மேல், மாடியில், ஒயரைக் கட்டிக்கொண்டு 31 மீட்டரில் மெதுவாகப் போங்கள். அவசரப்படாதீர்கள். நோட்டின் முதல் பக்கம் நிரம்புவதற்குள் எந்த ரேடியோ வாங்கியிருக்க வேண்டும் என்ற கேள்வியே உங்களுக்கு மறந்துபோகும்.